மாரத்தான் டிராக்கிங் ஆப்: புள்ளி போயிடுச்சு, தம்பி வரல

தம்பி மொத தடவையா ஃபுல் மாரத்தான் ஓடினான், நானும் அம்மாவும் கைதட்ட போனோம், ரேஸ் நடத்துறவங்க குடுத்த டிராக்கிங் ஆப்ப நம்பித்தான் போனோம். அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன், அதுவே கொஞ்சம் தாராளம்தான்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். பிப் நம்பர, அதாவது ஓடறவங்க நெஞ்சுல குத்தியிருக்க அட்டையில இருக்க நம்பர போட்டா போதும், லாகின் அது இதுன்னு இழுக்கல. அவன் ஸ்டார்ட் லைன தாண்டினதும் மேப்ல அவன் பேரோட ஒரு நீலப் புள்ளி நகர ஆரம்பிச்சுச்சு. அம்மாவுக்கு ஒரே குஷி, "பாரு பாரு ஓடறான்"னு ஃபோன என் கையில குடுக்கவே இல்ல. 10 கிலோமீட்டர்ல நாங்க நின்ன இடத்துக்கு ஆப் சொன்ன நேரத்துக்கே வந்தான், சிரிச்சான், அம்மா கையில ஒரு தட்டு தட்டிட்டு போனான். அதுவரைக்கும் சூப்பர்.

அப்புறம் 32க்கு போனோம். மொத்தம் 42.195 கிலோமீட்டர், ஸ்டார்ட்லயும் ஃபினிஷ்லயும் கத்துறதுக்கு ஆள் நெறைய இருக்கும், ஆனா உடம்புல சேத்து வெச்ச கிளைகோஜன், அதான் ஓடறதுக்கான சர்க்கரை சேமிப்பு, பல பேருக்கு தீந்துபோறது 30க்கு மேலதான், கால் கல்லு மாதிரி ஆகுற அந்த இடத்துலதான் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும். நின்னோம். புள்ளி வந்துச்சு, எங்கள தாண்டுச்சு, அது பாட்டுக்கு போயிட்டே இருக்கு, ரோட்டுல தம்பிய காணோம்!

நான் நெனச்சேன், கூட்டத்துல விட்டுட்டோம், வாம்மா ஃபினிஷுக்கு போவோம்னு பைய தூக்கிட்டேன். அம்மா அசையல. "என் புள்ள இந்தப் பக்கம் போயி எனக்கு தெரியாம இருக்குமா? அவன் இன்னும் வரல." சரியா இருபது நிமிஷம் கழிச்சு வந்தான், வலது தொடைய அமுக்கிக்கிட்டே நொண்டி நொண்டி. 31ல கிராம்ப் பிடிச்சு ஓரமா நின்னுட்டானாம். அம்மாவ பாத்ததும் மூஞ்சி அப்படியே கோணிடுச்சு, அழறானா சிரிக்கறானான்னு தெரியல. ஆப்ப நம்பி நான் கெளம்பியிருந்தா அங்க யாரு இருந்திருப்பா?

விஷயம் என்னன்னா பிப் பின்னாடி ஒட்டியிருக்க சிப்ல ஜிபிஎஸ்ஸும் கெடையாது பேட்டரியும் கெடையாது. ரோட்டுல பாய் மாதிரி விரிச்சிருக்க டைமிங் மேட்ட (mat) மிதிக்கும்போது மட்டும்தான் அது படிக்கப்படும், எங்க ரேஸ்ல 5 கிலோமீட்டருக்கு ஒரு மேட். 30ல மிதிச்சான், அடுத்தது 35ல, நடுவுல ஓடுற புள்ளி முழுக்க முழுக்க பழைய வேகத்த வெச்சு ஆப் போடுற கணக்கு. கணக்கு போடட்டும், தப்பில்ல, ஆனா இது குத்துமதிப்புன்னு ஒரு வரி போடக்கூடாதா? புள்ளிய தொட்டா "கடைசியா பதிவானது 30 கி.மீ."னு நேரத்தோட வருது, அத நான் கண்டுபுடிச்சது வீட்டுக்கு வந்தப்புறம். அந்த ஒரு வரிய மேப் மேலயே போட்டிருந்தா இன்னொரு ஸ்டார் குடுத்திருப்பேன்.

இன்னொரு குழப்பம், ரிசல்ட்ல மொதல்ல கன் டைம காட்டுது, அதாவது ரேஸ் ஆரம்பிச்ச நொடியிலேர்ந்து எண்ணுற நேரம். "என்னடா அஞ்சு மணி நேரத்த தாண்டிடுச்சு?"ன்னேன். "அக்கா, கூட்டத்துல நான் ஸ்டார்ட் லைன தொடவே 11 நிமிஷம் ஆச்சு, கீழ நெட் டைம் இருக்கும் பாரு"ன்னான். அவன் ஸ்டார்ட் லைன தாண்டினதுலேர்ந்து எண்ணுற அந்த நெட் டைம் சின்ன எழுத்துல கீழ கெடக்கு. அஞ்சுக்குள்ள முடிக்கணும்னு மாசக்கணக்கா ஓடினவனுக்கு அதுதானே முக்கியம்?

இந்த ஆப் வெச்சு போறவங்க ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு ஓடறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நாங்க இடது பக்கம்னு சொல்லியிருந்ததாலதான் அவ்ளோ வலியிலயும் கரெக்டா எங்கள தேடி வந்தான். பவர் பேங்க் கட்டாயம். அப்புறம் 32ல நின்னுக்கிட்டு "ஃபினிஷ் இதோ வந்துடுச்சு"ன்னு மட்டும் கத்தாதீங்க, அம்மா கத்தினாங்க, ஒருத்தர் ஓடிக்கிட்டே திரும்பி "இன்னும் பத்து இருக்கும்மா"ன்னுட்டு போனாரு. அதுக்கப்புறம் அம்மா பிப்ல இருக்க பேர படிச்சு படிச்சு கூப்பிட ஆரம்பிச்சாங்க, முன்னபின்ன தெரியாதவங்கல்லாம் தலைய நிமிர்த்தி பாத்தாங்க.

ஃபினிஷ்ல நெட்வொர்க் சுத்தமா படுத்துடுச்சு. "உங்க ரன்னர் முடிச்சுட்டார்"னு நோட்டிஃபிகேஷன் டிங்குன்னு வந்தப்ப அவன் மெடல கழுத்துல போட்டுக்கிட்டு எங்க பக்கத்துல தரையில உக்காந்து ஷூ கழட்டிக்கிட்டு இருந்தான்.