48,500 ரூபாய் போச்சு: "காலேஜ் கம்பேர் பண்ணித் தாறோம்" என்று கூப்பிடும் ஆபீஸ்களிடம் கவனம்

பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் ஏசி போட்ட ஒரு கல்வி ஆலோசனை அலுவலகம். அவ்வளவு போதும். இதே ரகம் மாவட்டம் முழுக்கவே பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் முளைக்கும், ஆடி முடிந்ததும் போன் எடுக்காது.

எங்கள் வீட்டுப் பிள்ளையின் பொறியியல் சீட்டுக்கென்று போனது 48,500 ரூபாய். 8,500 'சர்வீஸ் சார்ஜ்', 40,000 'சீட் பிளாக்கிங்', அதாவது இடத்தைப் பிடித்து வைக்க. இன்றுவரை திரும்பி வந்தது ஒரு பைசா இல்லை.

நம்ப வைத்தது ஒரு தாள். லேமினேட் செய்த பெரிய தாள், மூன்று கல்லூரிகள், ஐந்து கட்டங்கள்: கட்டணம், ஸ்காலர்ஷிப், நிகரக் கட்டணம், பிளேஸ்மென்ட், கேம்பஸ் லைஃப். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியின் வரிசையில் மட்டும் பச்சை மார்க்கர். "மக்களே, நீ ஒண்ணும் யோசிக்காண்டாம். உனக்க கட்-ஆஃபுக்கு கவுன்சிலிங்ல நிண்ணா இது கிடைக்காது. இண்ணைக்கு பிளாக் பண்ணல்லேண்ணா நாளைக்கு வேற பிள்ளை கொண்டு போயிரும்" என்றார் அங்கிருந்தவர். கவுன்சிலிங் என்றால் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரச் சேர்க்கை. பிள்ளையின் கட்-ஆஃப் 168.5. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு. ஐந்து நிமிடத்தில் ஜிபே போய்விட்டது. பணம் சேர்ந்த பெயர் கல்லூரியுடையது இல்லை, அலுவலகத்தினுடையதும் இல்லை, ஒரு தனி ஆளுடையது. அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

இனி அந்தத் தாள். வீட்டில் மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால் எல்லாம் வெளியே வரும்.

கட்டணம் 1,35,000, ஸ்காலர்ஷிப் 50,000, நிகரம் 85,000 என்று இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-இல் கட்டணக் குழு வைத்த ஆண்டு உச்சவரம்பு என்ன? கவுன்சிலிங் வழி நிரப்பும் அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால் 55,000. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. அதாவது எண்ணை முதலில் ஊதிப் பெரிதாக்கி, பிறகு 'ஸ்காலர்ஷிப்' என்று கழித்து, வாங்க வேண்டிய இடத்துக்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது உதவித்தொகையே இல்லை. தீபாவளி ஜவுளிக்கடைத் தள்ளுபடி. (உங்கள் வருடத்துக்கு என்ன எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் கீழ் வராது. அந்தத் தாளில் அப்படி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள், மற்றது மலிவாகத் தெரிய.)

அதோடு முடியவில்லை. அடியில் எறும்பு எழுத்தில் 'முதலாம் ஆண்டுக்கு மட்டும்'. அப்படியானால் நான்கு வருடத்துக்கு 85,000-உம் மூன்று 1,35,000-உம் சேர்ந்து 4,90,000. தாளில் நம் கண்ணில் படுவது 85,000 பெருக்கல் நான்கு, 3,40,000. ஒன்றரை லட்சம் அந்த எறும்பு எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி தாளில் இல்லாத கட்டம். 'எந்த ஒதுக்கீடு' என்பது எங்குமே எழுதப்படவில்லை. ஏஜென்ட் போடுவது எல்லாம் நிர்வாக ஒதுக்கீடு. அதில் சேர்ந்த நிமிடமே, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும், அது ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வருகிறவர்களுக்குத்தான். பட்டியலினப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. 2024-இல் வந்த மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடனும் மெரிட்டில் சேர்ந்தால்தான். "லோன் நாங்க எடுத்துத் தாறோம்" என்று அவர்கள் சொல்வது வட்டி மானியம் இல்லாத கடனை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால் கதை இன்னும் மோசம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகப் போனால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் அப்பாவும் அன்று அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார், கையில் காசுக் கவரோடு. நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

கேம்பஸ் லைஃப் கட்டத்தில் ஐந்து நட்சத்திரம். யார் போட்ட நட்சத்திரம்? விடுதியில் எத்தனை பேருக்கு ஓர் அறை, மெஸ் கட்டாயமா, மாதத் தொகை நிலையானதா அல்லது செலவைப் பங்கு வைப்பதா, காஷன் டெபாசிட் எவ்வளவு, வாரக் கடைசியில் வெளியே விடுவார்களா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஒன்றுக்கும் பதில் இல்லை. விடுதிக் கட்டணம் மொத்தமாகவே தாளில் இல்லை. அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே இல்லை என்பது பிறகு தெரிந்தது. இங்கிருந்து கோயம்புத்தூருக்கு இரவு ரயில் உண்டுதான், ஆனால் பொங்கல், ஈஸ்டர், ஓணம், கிறிஸ்துமஸ், செமஸ்டர் லீவு என்று வருடத்துக்குக் குறைந்தது ஐந்து தடவை வந்துபோகும் செலவும் கணக்கில் சேர வேண்டும். இங்கே நாகர்கோவில் கோணம் பகுதியில் அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரலாம், கட்டணமும் குறைவு. மூன்று கல்லூரி ஒப்பீட்டில் அது ஏன் வரவில்லை? அங்கே கமிஷன் கிடையாது.

கவுன்சிலிங்கில் கிடைக்காது என்றார்களே, அதையும் பார்த்தோம். போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு சமூகத்துக்கும் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சிலிங் இணையதளத்திலேயே கிடக்கிறது. அதே கல்லூரி, அதே பிரிவு, 168.5-க்கும் கீழே போயிருந்தது. இந்த வருடம் இரண்டாம் சுற்றில் பிள்ளைக்கு அதுவே ஒதுக்கீடும் ஆனது. கவுன்சிலிங் பதிவுக்கு 500 ரூபாய். இவர்களுக்கு 48,500.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது. முதல் வாரம்: "அண்ணே, சார் கோயம்புத்தூர் போயிருக்காவ, வந்ததும் விளிக்கச் சொல்லுதேன்." இரண்டாம் வாரம்: "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கு." பிறகு "ஓணம் கழியட்டும்". ஓணம் கழிந்தது. வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் காப்பி வரும், பணம் வராது. கடைசியில், "40,000 காலேஜுக்குக் கெட்டியாச்சு, அங்கே கேளுங்க." கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டால், "அந்தப் பிள்ளை பேர்ல எங்களுக்கு ஒண்ணும் வரல்லியே, வந்திருந்தா எங்க ரசீது இருக்கணுமே" என்கிறார்கள். நியாயமான பேச்சு. நம் கையில் இருந்தது ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பில் புக்கில் கிழித்த ரசீது. அதைத் திருப்பினால் பின்பக்கம் நீல மையில் ஒரு முத்திரை: 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது'. தரும்போது கவிழ்த்துக் கொடுக்காமல் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சாமர்த்தியம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டுகளையும் 'வெரிஃபிகேஷன்' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். போலீஸ் என்ற வார்த்தையைச் சொன்ன பிறகுதான், 19-ஆவது நாள், கைக்கு வந்தது. கல்லூரியே அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி இருக்கிறது. இந்த ஆபீஸ் யார்?

விரிவாக எழுத நினைத்தேன், நாளை காலை நுகர்வோர் ஆணையத்துக்குக் காகிதங்களை அடுக்க வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவு.

கவுன்சிலிங் பாஸ்வேர்டும் ஓடிபியும் எந்த ஆபீஸுக்கும் கொடுக்காதீர்கள். சாய்ஸ் பட்டியலில் கமிஷன் தரும் கல்லூரிகளை மட்டும் மேலே ஏற்றி லாக் செய்துவிடுவார்கள். உதவி வேண்டுமென்றால் அரசு சேவை மையங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. முதல் பட்டதாரி, வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கு இ-சேவையில் ரிசல்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் தாசில்தார் ஆபீஸில் தேங்கும். பணம் கட்டுவதானால் கல்லூரியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். 'நாக்' தரம் கல்லூரிக்கு, என்பிஏ அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விடுதியைப் பற்றி, மாலை காலேஜ் பஸ் கிளம்பும் நேரம் வாசலில் நின்று இரண்டாம் வருடப் பிள்ளையிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு விளியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் வரை கொடுத்த விவகாரமானால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் மனு 40,000-க்கு இல்லை, முழு 48,500-க்கும்.

ரசீது வாங்கினால் பின்பக்கத்தையும் அங்கேயே நின்று படியுங்கள்.