இசைக் கல்லூரியா, பாட்டு வாத்தியார் வீடா?

பிளஸ் டூ முடித்ததும் எங்கள் வீட்டில் நடந்த விவாதம் இது: கர்நாடக வாய்ப்பாட்டையே பட்டப்படிப்பாகப் படிப்பதா, வேறு டிகிரி படித்துக்கொண்டு மாலையில் குருவிடம் பாடத்தைத் தொடர்வதா? நான் கல்லூரியில் சேர்ந்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

குருவிடம் ஒரே பாடாந்தரம், அதாவது ஒரே வழியில் வந்த பாடமுறை, கூடவே தனிக் கவனம். சரி, தெரிந்த விஷயம்தான். கல்லூரியில் இருபது பேர் சேர்ந்து பாடும்போது என் சுருதி விலகுவது ஆசிரியர் காதில் விழாமலே போகலாம். ஆசிரியர் மாறினால் ஒரே கீர்த்தனைக்கு இரண்டு விதச் சங்கதி (ஒரே வரியை மாற்றி மெருகேற்றிப் பாடும் விதம்) வந்து சேரும். எனக்கு வந்தது, குரு முகம் சுளித்தார். பட்டத்தை ரொம்பவும் நம்ப வேண்டாம். வானொலி ஆடிஷனில் குரலைக் கேட்டுத்தான் பி, பி ஹை, ஏ என்று தரம் தருகிறார்கள். முதுகலை வரை படித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதினாலோ, அதில் ஒரு வரிகூடப் பாட வேண்டியதில்லை!

அப்புறம் ஏன் கல்லூரி? மிருதங்கத்துக்காக.

தனியாகக் கல்பனாஸ்வரம் (அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) பாடும்போது தாளம் போடும் கை நம் கட்சி. கடைசியில் வரும் ஸ்வரக் கணக்கான கோர்வை, எடுப்புக்கு (பாட்டு வரி தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு) அரை அட்சரம், அதாவது அரைத் தட்டு, முந்தி முடிந்தால், கை சத்தமில்லாமல் கொஞ்சம் வேகமாகத் தட்டிக் காப்பாற்றிவிடும். மிருதங்கம் காப்பாற்றாது. முதல் வருடம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் நான் விழுந்த இடங்களுக்குக் கணக்கே இல்லை. வெளியே மிருதங்கக்காரரைக் கூப்பிட்டால் பணம் கொடுக்க வேண்டும். கச்சேரிக்கு முந்தைய வாரம்தான் கூப்பிடுவோம். கல்லூரியில் மிருதங்கம், வயலின் படிப்பவர்களுக்கும் பாட ஓர் ஆள் தேவை. வகுப்பு முடிந்ததும் காலி அறை தேடி உட்கார்ந்துவிடுவோம். மிருதங்கம் படிப்பவர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுப் போட்டுத்தான் எனக்கு லயம் பிடிபட்டது. சிலபஸில் அப்படி ஒரு பாடமே கிடையாது.

கல்லூரியில் படித்தால் வாத்தியாராகத்தான் ஆகலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் இன்றைய சென்னை அரசு இசைக் கல்லூரி 1949இல் தொடங்கியபோது முதல்வராக உட்கார்ந்தவர் கச்சேரி மேடைகளை ஆண்ட முசிறி சுப்பிரமணிய ஐயர்.

ஒரு விஷயம்: வாய்ப்பாட்டுத் துறை மட்டும் இருக்கிற கல்லூரி என்றால் நான் சொன்ன லாபம் கிடைக்காது. சேரும் முன் பக்கவாத்தியத் துறைகள் அங்கேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். வீணை படிப்பவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குரு வீட்டுக்குப் போகிறேன். கல்லூரியில் கற்ற அந்தச் சங்கதியை மட்டும் அவர் எதிரில் பாடுவதில்லை.