24 வோல்ட் லாரியில் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் லாரியுடன் வந்த ரேடியோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு பாடியது, பென்டிரைவை ஏற்றுக்கொண்டது, இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பழுதாகி நிற்கவில்லை. தொல்லையெல்லாம் முன்கண்ணாடியில் ரப்பர் பிடிப்பான் போட்டு ஒட்டியிருந்த கைபேசியால்தான். வெயில் ஏறினால் பிடிப்பான் இளகிக் கைபேசியோடு கீழே விழும். மேடுபள்ளத்தில் கேபிளின் முனை ஆடி ஆடித் தளர்ந்து, சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கும். திரும்ப வேண்டிய சந்திப்பு நெருங்கும் நேரத்தில் பார்த்தால் திரை அணைந்திருக்கும். ஆகவே பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குலத் தொடுதிரையும், கைபேசியின் வரைபடத்தையும் பாட்டையும் கேபிளில்லாமல் அந்தத் திரைக்குக் கொண்டுவரும் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் உள்ள ஒரு செட்டைப் பொருத்தினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட் நன்றாகவே இருக்கிறது, மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் வயர்லெஸ் வேண்டும் என்றே தேடி வாங்கிய அந்தச் செட்டில், தொலைதூர ஓட்டத்தின்போது நான் கேபிளைத்தான் செருகிக்கொள்கிறேன். அது ஏன் என்பதை விளக்குவதற்கு, அந்தத் திரையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்ப்ளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் கேபிள் வழியாக இயங்குபவையாகவே வெளிவந்தன. ஆப்பிள் 2015-இல் ஐஓஎஸ் 9 பதிப்பிலும், கூகுள் 2018-இலும் கேபிளில்லா இணைப்பைச் சேர்த்தன. தொடக்கத்தில் குறிப்பிட்ட சில கைபேசிகளுக்கு மட்டுமே கிடைத்த ஆண்ட்ராய்டு வசதி, 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகுதான் பரவலாயிற்று. இந்த இணைப்பு புளூடூத்தில் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். புளூடூத் செய்வது அறிமுக வேலை மட்டுமே: செட்டும் கைபேசியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டதும், செட் தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் வழியே கைபேசிக்குக் கொடுக்கிறது. அதன்பின் படமும் ஒலியும் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் பாய்கின்றன. வரைபடத்தை வரைவது, பாட்டை இயக்குவது, குரலைப் புரிந்துகொள்வது எல்லாமே கைபேசியின் வேலை. அது திரைக்காட்சியைக் காணொளியாகச் சுருக்கி அனுப்ப, செட் அதை விரித்துக் காட்டிவிட்டு, நம் விரல் பட்ட இடத்தைக் கைபேசிக்குத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே செட்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நினைவகக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. கைபேசி மந்தமானதென்றால் எவ்வளவு உயர்ந்த செட்டிலும் வரைபடம் திக்கித் திணறித்தான் நகரும். என்னுடைய பழைய கைபேசியில் திக்கிய அதே செட், கைபேசியை மாற்றிய அன்றே வழுக்கிக்கொண்டு ஓடியது. வாங்குமுன் இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்வது நல்லது: ‘வயர்லெஸ்’ என்று விற்கப்படும் சில மலிவான செட்டுகளில் இருப்பது கைபேசித் திரையை அப்படியே பிரதிபலித்துக் காட்டும் வசதி மட்டுமே, அது ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆகாது, கார்ப்ளேயும் ஆகாது.

பொருத்தும் அளவில் சிக்கல் எழவில்லை. பழைய ரேடியோ 180-க்கு 50 மில்லிமீட்டர் முகப்பு கொண்ட ஒற்றை டின் அளவு (டின், DIN, என்பது வண்டி ரேடியோ முகப்புக்கான நிலையான அளவு). அதன் கீழே ரசீதுகள் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. அதையும் எடுத்துவிட்டால் டபுள் டின்னுக்கு வேண்டிய 180-க்கு 100 மில்லிமீட்டர் இடம் கிடைத்துவிடுகிறது. ரசீதுகளுக்குத்தான் இன்றுவரை வேறு இடம் அமையவில்லை.

வேலை மின்சாரத்தில்தான் இருந்தது. கார்களும் சிறிய பிக்கப் வண்டிகளும் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள், இன்ஜின் ஓடும்போது அது ஏறத்தாழ 28 வோல்ட் வரை போகும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான செட்டுகள் 12 வோல்ட்டுக்கானவை. நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். இதற்கு முதலில் அணுகிய எலெக்ட்ரீஷியன் ஒரு குறுக்குவழி சொன்னார்: இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடலாம், அதில் 12 வோல்ட்தானே இருக்கிறது என்றார். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் இந்த யோசனைதான் பல லாரிகளின் பேட்டரியைக் கெடுக்கிறது. செட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும்; பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கோ இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட்டேஜ் மட்டுமே தெரியும். அதனால் இறங்கிய பேட்டரி முழுதாக நிறைவதே இல்லை, மற்றொன்றோ அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிச் சூடாகிறது. சில மாதங்களில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, 24-ஐ 12 ஆகக் குறைக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கன்வெர்ட்டரிலும் இரண்டு பாடங்கள் இருந்தன. செட்டுக்கு எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் வயரும், சாவி போட்டால் மட்டும் வரும் சிவப்பு வயரும் தனித்தனியே வேண்டும். இரண்டையும் சாவி வழியே கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட் கடிகாரத்தையும் ரேடியோ நிலையங்களையும் ஒலி அமைப்புகளையும் மறந்துவிடும். அதற்காகச் சாதாரணக் கன்வெர்ட்டரை இரவும் பகலும் இயங்க விட்டாலோ, வண்டி சில நாள் நிற்கும்போது அதுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். நினைவகத்துக்கென்று தனியாக ஒரு சிறிய வெளியீடும், மற்றவற்றுக்குச் சாவியோடு இயங்கும் வெளியீடும் உள்ள கன்வெர்ட்டர்கள் லாரிகளுக்கென்றே கிடைக்கின்றன; அதைத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது பாடம் இரைச்சல். கன்வெர்ட்டரைச் செட்டுக்குப் பின்னாலேயே செருகி வைத்திருந்தோம். எஃப்எம் போட்டால் மெல்லிய கொசு ரீங்காரம் போல ஒன்று விடாமல் கேட்டது. தொலைவில் உள்ள நிலையங்கள் அந்த ரீங்காரத்துக்குள் மூழ்கிப்போயின. கன்வெர்ட்டரை ஆன்டெனா வயருக்கு எட்டாத தொலைவில், ஃபியூஸ் பெட்டிப் பக்கம் நகர்த்தி, வண்டியின் உலோகச் சட்டத்தில் நேரடியாக எர்த் கொடுத்த பிறகே அது அடங்கியது. இதற்காக டேஷ்போர்டை மறுபடியும் பிரிக்க நேர்ந்ததில் ஒரு நல்லதும் நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கை பிரேக்குக்குப் போக வேண்டிய வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி ஓடும்போது திரையில் படம் ஓடக்கூடாது என்பதற்காகவே அந்த வயர் வைக்கப்பட்டிருக்கிறது; ‘எர்த்தில் போட்டுவிடட்டுமா, படம் பார்த்துக்கொண்டே போகலாம்’ என்று பொருத்துபவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி பயன்பாடு. சாவியைத் திருப்பியதிலிருந்து வரைபடம் திரையில் வந்து நிற்க என் செட்டில் முப்பது நொடி வரை ஆகிறது. முதல் வாரத்தில் அது நீண்ட நேரமாகத் தோன்றியது. இன்ஜினை ஓடவிட்டு பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறும்வரை எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும் என்று புரிந்தபின் பொருட்படுத்துவதை விட்டுவிட்டேன். கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கலாம். ஒரு நாளில் பத்துப் பதினைந்து இடங்களில் நிறுத்தி, இறங்கி, சரக்கை ஒப்படைத்துவிட்டு ஏறும் வேலையில் இதன் அருமை தெரிகிறது: கையெழுத்து வாங்கக் கைபேசியோடு இறங்குகிறோம், ஏறியதும் விட்ட இடத்திலிருந்து வழி தொடர்கிறது. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய காலத்தில் என் கைபேசியின் சார்ஜ் துளைதான் முதலில் தேய்ந்துபோனது. பாட்டை மாற்றினால் அரை நொடி, சில வேளை ஒரு நொடி கழித்தே மாறுகிறது. ஒலியையும் படத்தையும் முன்கூட்டியே சேமித்து அனுப்பும் முறையில் இது தவிர்க்க முடியாதது என்பதால் நான் குறையாகக் கொள்ளவில்லை.

தொலைபேசி உரையாடல் தொடக்கத்தில் படுமோசமாக இருந்தது. செட்டுடன் வந்த சிறிய மைக்கை ஸ்டீயரிங் தண்டின் மேல் ஒட்டியிருந்தார்கள். காருக்கு அது பொருத்தமான இடமாக இருக்கலாம், லாரியிலோ இன்ஜினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறோம். எதிர்முனையில் இருந்தவர் மாவு மில்லுக்குள்ளிருந்து பேசுகிறீர்களா என்று கேட்டார். மைக்கைக் கழற்றி, கதவோரத் தூணின் உச்சியில், வெயில் மறைப்புக்கு அருகே வாயை நோக்கித் திருப்பி ஒட்டினோம். இரைச்சல் முழுதாகப் போகவில்லை என்றாலும், வண்டி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பேசுவது இப்போது தெளிவாகப் புரிகிறதாம். திரையின் தரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை மைக்கின் இடத்துக்குக் கொடுத்தால் போதும் என்பேன்.

சூடுதான் வயர்லெஸ்ஸின் உண்மையான பலவீனம். ஒரே நேரத்தில் கைபேசி வரைபடம் வரைகிறது, மொபைல் டேட்டாவில் பாட்டு இறக்குகிறது, ஜிபிஎஸ் கேட்கிறது, காணொளியாகச் சுருக்கி வைஃபையில் அனுப்புகிறது. பேட்டரி வேகமாக இறங்குகிறதே என்று கேபிளில்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டில் வைத்தால், அந்தத் தட்டும் தன் பங்குக்குச் சூடேற்றுகிறது. மதிய வெயிலில் மூன்று மணி நேரம் ஓடிய ஒருநாள், சூடு தாங்காமல் கைபேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வரைபடத்தில் இருந்த அம்பு லாரியைவிட ஒரு சந்திப்பு பின்தங்கி வந்தது. அன்று முதல் நெடுந்தூரம் என்றால் கேபிள்தான்: சார்ஜும் ஏறுகிறது, வைஃபை வேலையும் இல்லை, சூடும் அவ்வளவாக ஏறுவதில்லை.

சிறுசிறு தொல்லைகளும் உண்டு. ஓட்டுநர் இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியில், செட் கடைசியாக இணைந்த கைபேசியையே முதலில் தேடுகிறது. பின்னால் படுத்துத் தூங்குபவரின் கைபேசி திரையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு வரும் செய்திகளை ஓட்டுபவருக்கு வாசித்துக் காட்டிய வேடிக்கையும் நடந்தது. கைபேசியின் இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இயங்கினால் சில நேரம் இணைப்பே கிடைப்பதில்லை. டேஷ்கேமின் வைஃபையோடு கைபேசி தானாக ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். அதன் தானியங்கி இணைப்பை அணைத்துவிட வேண்டும்.

திரை பெரிதானதால் வந்த ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கைபேசியின் சாதாரண வரைபடச் செயலிக்கு நாம் ஓட்டுவது காரா லாரியா என்று தெரியாது. வண்டியின் உயரத்தையும் எடையையும் அது கணக்கில் கொள்வதில்லை. சிறிய திரையில் இருந்தவரை அதைச் சந்தேகத்தோடு பார்த்த நான், டேஷ்போர்டின் நடுவே அது பளிச்சென்று வந்து உட்கார்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தொடங்கினேன். தாழ்வான பாலம் ஒன்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் ஒதுங்கச் சொல்லி ரிவர்ஸ் எடுத்த அன்றுதான் அந்த நம்பிக்கை போயிற்று. லாரியின் அளவுகளைக் கேட்டு வழி சொல்லும் செயலிகள் தனியாக இருக்கின்றன. வாங்கிய செட்டில் அந்தச் செயலி திரைக்கு வருகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் கேமராவைப் பற்றிக் குறை இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டதும் வரைபடம் விலகிப் பின்பக்கக் காட்சி உடனே வந்துவிடுகிறது.

கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஏற்கெனவே உள்ள வண்டிக்கு இத்தனை பாடு தேவையில்லை. யூஎஸ்பி துளையில் செருகினால் அதையே வயர்லெஸ்ஸாக மாற்றித் தரும் தீப்பெட்டி அளவு அடாப்டர்கள் உள்ளன. எங்கள் பிக்கப் வண்டியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இணைய இன்னும் சில நொடி கூடுதலாகிறது, தொட்டால் சுடுகிறது, போதிய மின்சாரம் தராத துளையில் போட்டால் அடிக்கடி அறுந்துபோகிறது. மற்றபடி வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

முழுச் செட்டையும் மாற்றுபவர்கள் வேலை முடிந்து டேஷ்போர்டை மூடும் முன், செட்டின் பின்புற யூஎஸ்பியிலிருந்து ஒரு நீட்டிப்புக் கேபிளைக் கைக்கு எட்டும் இடத்துக்கு இழுத்து வைக்கச் சொல்லுங்கள். வயர்லெஸ் செட்டுக்கு எதற்குக் கேபிள் என்று நான் முதல் முறை அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எஃப்எம் ரீங்காரத்துக்காக இரண்டாம் முறை பிரித்தபோதுதான் அதைப் போட்டுக்கொண்டேன். இப்போது என் கைபேசி பாதி நாள் அதன் முனையில்தான் இருக்கிறது.