எடையைப் பார்க்காதீர்கள், இறுக்கத்தைப் பாருங்கள்: விமானிகளுக்கான ஹெட்செட்

பந்திங்கில் இருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டியை விட்டால் அரை மணி நேரத்தில் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ. விமான வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. ஆனால் விமானி போடும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிப் பார்த்து வாங்க டவுனில் கடை கிடையாது. இணையத்தில் படத்தையும் எடையையும் பார்த்து ஆர்டர் போடுவார்கள். முதல் தவறே அங்குதான் நடக்கிறது.

போஸ் நிறுவனத்தின் ஏ20 ஹெட்செட் வந்தது 2010இல், எடை சுமார் 340 கிராம். அதன் வாரிசான ஏ30 வந்தது 2023இல், சுமார் 400 கிராம். எண்ணை மட்டும் பார்த்தால் பழையதே தேவலை என்று தோன்றும். நாலு மணி நேரப் பறப்பில் கதை மாறிவிடும். ஏ30இல் பக்கவாட்டு இறுக்கத்தை 20 விழுக்காடு குறைத்திருப்பதாக நிறுவனம் சொல்கிறது. தலையை நோகடிப்பது பெரும்பாலும் கிராம் கணக்கு அல்ல. தாடைக்கு மேலே, காதைச் சுற்றி விழும் அழுத்தமும் உச்சந்தலையில் ஒரே இடத்தில் ஊன்றும் பட்டையும்தான்.

இறுக்கம் எதற்கு என்று தெரிந்தால் தேர்வு எளிது. டேவிட் கிளார்க் எச்10-13.4இல் பேட்டரி இல்லை, மின்னணு வித்தை எதுவும் இல்லை. பச்சை நிறக் கிண்ணமும் காதுத் திண்டும் சேர்ந்து ஒலியை அடைக்கின்றன; குறைப்பு அளவு 23 டெசிபல். அந்த அடைப்பு நிற்க வேண்டுமானால் பிடி பலமாக இருந்தே ஆக வேண்டும். பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு இதைவிட உழைக்கும் பொருள் கிடைப்பது அரிது, விலையும் ஏ30இல் பாதிகூட வராது. தொழிலாகப் பறப்பவர் நாள் முழுக்கப் போட்டால் மாலையில் தலைவலி மாத்திரை தேட வேண்டியதுதான்.

ஏ.என்.ஆர்., அதாவது மின்னணு முறை இரைச்சல் குறைப்பு, வேறு வழி. கிண்ணத்துக்குள் இருக்கும் சின்ன மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியை எழுப்பி அதை அமுக்குகிறது. இன்ஜின், புரொப்பெல்லர் போடும் தாழ்ந்த ரீங்காரத்தில் இது கெட்டிக்காரன். காற்றின் கீச்சொலியை அடைப்பது அப்போதும் திண்டின் வேலைதான். தாழ்ந்த ஒலியை மின்னணு பார்த்துக்கொள்வதால் பிடியைத் தளர்த்த முடிகிறது. சிலருக்கு இந்த அமுக்கம் காதை உள்ளே இழுப்பது போல இருக்கும். ஏ30இல் மூன்று நிலை வைத்திருப்பதால், அப்படிப்பட்டவர்கள் குறைந்த நிலையில் ஓட்டலாம்.

அடுத்தது, எந்த விமானம்? ஏர்பஸ் ஏ320, போயிங் 737 காக்பிட்டில் உயரத்தில் கேட்பது பெரும்பாலும் காற்றோட்ட இரைச்சல். அங்கே டேவிட் கிளார்க் டி.சி. புரோ-எக்ஸ் (சுமார் 210 கிராம், காது மேலேயே உட்காருவது) அல்லது காதுக்குள் செருகும் போஸ் புரோஃபிளைட் (130 கிராம் அளவு) போதும். புரொப்பெல்லர் விமானங்களான, சுபாங்கில் இருந்து கிளம்பும் ஏடிஆர் 72க்கும், சபா சரவாக் உட்பகுதியில் பறக்கும் டுவின் ஒட்டருக்கும் காதை முழுசாக மூடும் கிண்ணம்தான் சரி. டுவின் ஒட்டரில் புரோஃபிளைட் போடுவது அடைமழைக்குக் கைக்குட்டை பிடிப்பது போல.

பிளக்கில் ஏமாறுபவர்கள் அதிகம். ஏர்பஸ் என்றால் ஐந்து முள் எக்ஸ்.எல்.ஆர். பிளக். போயிங்கிலும் சிறு விமானங்களிலும் இரட்டை பிளக்: கேட்பதற்கு 6.35 மி.மீ., மைக்குக்கு 5.23 மி.மீ. ஹெலிகாப்டருக்கு யு-174 ஒற்றை பிளக். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் கோளாறு வர இன்னும் ஓர் இடம் கூடுகிறது. டிஎஸ்ஓ-சி139 (விமான ஒலிக் கருவிகளுக்கான அமெரிக்கத் தரம்) அங்கீகாரம் இருக்கிறதா, தங்கள் நிறுவனம் அந்த மாடலை அனுமதிக்கிறதா என்று காசு கட்டும் முன் கேட்டுவிடுங்கள். ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போகும் சாமான், பெட்டியைத் திறந்த பிறகு வருந்திப் பயனில்லை.

கடையில்லாத ஊரில் சோதனை எப்படி? சீனியர் ஒருவரிடம் அதே மாடலை இரவல் வாங்கி வீட்டில் தொண்ணூறு நிமிடம் போட்டிருங்கள். இரு பக்கமும் பட்டையை ஒரே அளவு இழுத்து, கிண்ணம் காது மடலைத் தொடாமல் சுற்றி உட்காருகிறதா பாருங்கள். இருபது நிமிடத்தில் உச்சந்தலை பேசும். ஒரு மணி நேரத்தில் காதின் அடிப்பக்கம் பேசும். கொட்டாவி விடுங்கள், எதையாவது மெல்லுங்கள். தாடை அசையும்போது அடைப்பு விலகினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்: சிவப்பு வளையமாக இருந்தால் பரவாயில்லை, ஒரே புள்ளியாக இருந்தால் வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போட்டே சோதிக்க வேண்டும். தடித்த கம்பி திண்டைத் தூக்கிவிடும். அந்த இடுக்கில் இரைச்சல் நுழையும், ஏ.என்.ஆர். தடுமாறிக் கூவும். மெல்லிய தட்டைக் கம்பி நல்லது. தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவர்களுக்கும் இதே சங்கதிதான். மலேசியாவின் 2019 வேலையிட இரைச்சல் விதிமுறை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடிக் கம்பிக்கு மேல் காதடைப்பானை மாட்டினால் அடைப்பு குறைந்துவிடும். பெண் விமானிகள் தோடு போட்டிருந்தால் காது மேல் உட்காரும் வகை குத்தும். சுற்றி மூடும் வகை குத்தாது.

புகார்களில் பல கருவியின் குறையே அல்ல. ஒரு காது மட்டும் கேட்கிறதா, ஸ்டீரியோ–மோனோ பொத்தானை மாற்றுங்கள். குரல் போகவில்லையா, பிளக் கடைசி வரை நுழையாமல் பாதியில் நிற்கும். குரல் மெலிந்து இரைச்சல் பெருத்தால் மைக் தூரத்தில் இருக்கிறது. இந்த மைக் முன்னும் பின்னும் ஒரே அளவு வரும் ஒலியைக் கழித்துவிடும். உதட்டோரம் அரை சென்டிமீட்டரில், மைக்கின் பேசும் பக்கம் வாயைப் பார்த்து இருந்தால்தான் உங்கள் குரல் மட்டும் தப்பும். ஒயரின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் விட்டால் அந்தப் பக்கக் காது மட்டும் வலிக்கும், பழி ஹெட்செட் மேல் விழும்.

நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் திண்டுதான் முதலில் சாகும். வேர்வையும் தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயும் செயற்கைத் தோலை ஊறவைத்து உரித்துவிடும். பறந்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், தோல் வெடிக்கும். மூடிய காரில் வைக்காதீர்கள். பல நாள் லீவு என்றால் ஏஏ பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே பச்சை படியும். துணி உறை வேர்வையை உறிஞ்சும், ஆனால் அடைப்பைக் கொஞ்சம் குறைக்கும். ஏடிஆரில் அது கேட்கும், ஏ320இல் பெரும்பாலும் கேட்காது. திண்டு தட்டையாகிக் கெட்டிப்பட்டால் வருடம் ஆகவில்லை என்றாலும் மாற்றுங்கள். ஆர்டர் போடும்போதே ஒரு ஜோடித் திண்டும் இரண்டு மைக் உறையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. பிறகு அவற்றை மட்டும் தனியாக வரவழைத்தால் தபால் செலவு வலிக்கும்.