ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சாலைகளில் லேப்டாப்புக்கு நெட்: சில வருடப் பயன்பாட்டில் கண்டது

மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கிறவரை ஆஸ்திரேலியாவில் நெட் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. தெற்கே இருக்கும் போர்ட் அகஸ்டா என்ற ஊரைத் தாண்டி, நாட்டின் நடுவே வடக்கு நோக்கிப் போகும் ஸ்டூவர்ட் ஹைவேயில் வண்டியை விட்டால்தான் கதை ஆரம்பம். அங்கிருந்து வடகோடி டார்வின் வரை சுமார் 2,700 கிலோமீட்டர், நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, மற்றதெல்லாம் ஒரு பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த ரோடுஹவுஸ்தான். என் வேலை முழுக்க லேப்டாப்பில். அலுவலக விபிஎன், அழைப்புகள், அவ்வப்போது பெரிய கோப்புகளை ஏற்றுவது. வருடத்தில் கொஞ்ச காலம் மனைவியும் நானும் இப்படிச் சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பது சில வருடங்களாக நடக்கிறது. அதில் எது உருப்படியாக இருக்கிறது, எது பணத்துக்குக் கேடு என்பதுதான் இந்தப் பதிவு. வேகத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அங்கே வேகம் கடைசிப் பிரச்சினை.

முதலில் சிம். இங்கே பெரிய போன் நிறுவனங்கள் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் என்று மூன்று. டெல்ஸ்ட்ரா 99.7 சதவீத மக்களுக்குச் சேவை போய்ச் சேர்கிறது என்கிறது. உண்மைதான், ஆனால் மக்கள் இருப்பது கடற்கரையோரம். நிலப்பரப்புக் கணக்கில் பார்த்தால் அவர்கள் சொல்லும் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டின் பாதிகூட இல்லை, மொத்தப் பரப்பு ஏறக்குறைய 77 லட்சம். அந்த 30 லட்சமும் வெளியே ஆன்டெனா பொருத்தினால் கிடைப்பதையும் சேர்த்துச் சொன்னது, கையில் பிடிக்கிற போனுக்கானது அல்ல என்று 2025ல் வோடஃபோன் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பியதும் நடந்தது. ஆப்டஸ் சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். வோடஃபோனும் 2025 தொடக்கத்திலிருந்து ஆப்டஸுடன் டவர்களைப் பகிர்ந்துகொண்டு ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே உள்ளே போகிறவர்களுக்கு வேறு பேச்சே இல்லை, டெல்ஸ்ட்ரா வலையமைப்புதான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக மாட்டியிருக்கும் சிம்களில் பல டெல்ஸ்ட்ராவில்தான் ஓடுகின்றன, அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கும், ஆனால் அவற்றுக்குக் கிடைப்பது மொத்த விற்பனைக்கென்று ஒதுக்கிய சுருங்கிய வலையமைப்பு, 98.8 சதவீத மக்கள். 99.7க்கும் 98.8க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் நாம் போகிற ஊர்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன! முழு வலையமைப்பு வேண்டுமென்றால் டெல்ஸ்ட்ராவின் சொந்த ப்ரீபெய்ட், இல்லையென்றால் அதே வலையமைப்பில் முழுதாக ஓடும் பூஸ்ட் என்ற சிம். நான் பூஸ்ட்தான் வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் வாங்கும் பயண ஈசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் போனில் ஒரு முறை ஒன்றைப் போட்டோம். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. நகரத்தில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டேட்டா எல்லாம் வேறொரு நாட்டு வழியாகச் சுற்றி வந்ததால் அழைப்பில் எப்போதும் ஒரு தாமதம். வங்கிச் செயலி வேறு நம்மை அந்த நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடம் பிடித்தது. கிராமப்புறத்துக்கு வந்ததும் எந்த உள்ளூர் வலையமைப்போடு ஒப்பந்தமோ அது இல்லாமல் போனது, அதோடு சரி. இங்கே வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்குவது பத்து நிமிட வேலை.

போனையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 28லிருந்து டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை அணைக்க ஆரம்பித்துவிட்டன. 4ஜி வழியாக 000 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நிறுவனங்கள் முடக்கிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஈரோட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த போன் 4ஜிதான், டேட்டாவும் வந்தது, ஆனால் 4ஜியில் அழைப்புப் போகாத மாடல் என்பதால் சில நாளில் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள். "ஊர்ல நல்லாத்தானப்பா பேசுச்சு" என்று அவர் சொன்னதும் சரிதான். வெளிநாட்டு மாடல்கள் நிறைய இதில் அடிபட்டன. சிம் வாங்கும் முன்பே அந்த மாடலை இங்கே ஏற்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

இனி டெதரிங், அதாவது போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது. சிக்னல் கோடுகளைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் என்ற சிக்னல் பலக் கணக்கு காட்டும், பூஜ்யத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பலவீனம். மைனஸ் 90 பக்கம் இருந்தால் கவலையில்லை, மைனஸ் 110 என்றால் மெயில் வரும், ஆன்லைன் கூட்டம் நடக்காது, மைனஸ் 120ஐ நெருங்கினால் லேப்டாப்பை மூடிவிட்டு டீ போடப் போகலாம். பலருக்குப் புரியாத விஷயம், டவரிலிருந்து வருவது நமக்குக் கேட்டாலும் நம் போன் அனுப்புவது டவருக்குக் கேட்க வேண்டும். டவருக்குப் பலம் இருக்கிறது, போனுக்கு அதிகபட்சம் 0.2 வாட். அதனால்தான் கிராமப்புறத்தில் வீடியோ பார்க்க முடியும் இடத்தில்கூட ஒரு சின்ன பிடிஎஃப் மேலே ஏறாமல் உருண்டுகொண்டே இருக்கிறது. இதற்கு நான் செய்வது, போனை காருக்கு வெளியே, கூரை மேல் வைத்துவிட்டு நீளமான யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துக்கொள்வது. தகரப் பெட்டிக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் நன்றாகவே வித்தியாசம் தெரியும், பேட்டரியும் வைஃபை ஹாட்ஸ்பாட் அளவுக்குத் தீராது. ஆனால் 40 டிகிரி வெயிலில் கூரையில் வைத்தால் போன் சூடாகித் தானே அணைந்துகொள்ளும், வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு மூட வேண்டியிருக்கும். இதெல்லாம் பார்க்க அழகாக இருக்காது.

நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரின் சுற்றுவட்டாரத்தில் பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுபோல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சாலையோரத்தில் பெரிய டிவி டிஷ் மாதிரி ஒன்று கம்பத்தில் நிற்கும், பக்கத்தில் ஒரு பலகை. மின்சாரம் இல்லை, சோலார் இல்லை, வயர் இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால், அதன் குவியப் புள்ளியில், போனை நிறுத்தி வைக்க ஒரு சின்னத் தாங்கி. அவ்வளவுதான். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரைப் பார்த்துத் திருப்பி நட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படித்த பரவளையம் செய்கிற வேலை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே இருக்கும் சிஎஃப்ஏடி (சென்டர் ஃபார் அப்ரோப்ரியேட் டெக்னாலஜி) என்ற அமைப்பு பழங்குடிச் சமூகங்களுக்காக உருவாக்கியது இது. கையில் பிடித்தால் சிக்னலே இல்லாத போனைத் தாங்கியில் வைத்ததும் சில நொடிகளில் கோடுகள் எழும்புகின்றன, போனைக் கையில் எடுத்தால் மறுபடியும் போய்விடும். ஆகவே வைக்கும் முன்பே ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட வேண்டும். போனை அங்கே விட்டுவிட்டு, காரை ஒட்டி நிறுத்தி, பின் கதவைத் திறந்துபோட்டு லேப்டாப்பை மடியில் வைத்து அலுவலக மெயில்களை எல்லாம் இறக்கினேன், ஈக்கள்தான் தாங்க முடியவில்லை. நமக்குப் பின்னால் யாராவது வண்டியை நிறுத்தினால் சீக்கிரம் எடுத்துக்கொண்டு கிளம்புவது மரியாதை, அவர்களுக்கு அது நர்ஸுக்குப் போடும் போனாக இருக்கலாம்.

சரி, எல்லோரும் கேட்பது ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் நெட். அதன் சின்ன டிஷ்ஷான மினியை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் அகலம், 1.1 கிலோ எடை, வைஃபை ரவுட்டர் உள்ளேயே இருக்கிறது. திறந்த வெளியில் விரித்துவிட்டால் சில நிமிடங்களில் நெட், அதுவும் வீட்டில் இருப்பதற்குக் குறையாமல். செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே இருப்பதால் அழைப்பில் தாமதம் தெரிவதில்லை. பண்ணை வீடுகளில் தங்கியவர்களுக்கு ஸ்கை மஸ்டர் என்ற பழைய செயற்கைக்கோள் நெட் தெரிந்திருக்கும். அது கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் மேலே போய்வர வேண்டியது, நாம் ஒன்று கேட்டு, பதில் வரவில்லையே என்று மறுபடியும் வாயைத் திறக்கும்போது எதிராளியும் பேச ஆரம்பிப்பார். கூட்டம் முழுக்க "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க".

ஆனால் டிஷ்ஷுக்கு வானம் வேண்டும். இங்கே கேம்ப் போடுகிற நல்ல இடம் எல்லாம் யூக்கலிப்டஸ் மரத்தடிதான். நிழலில் நாம் உட்கார்ந்தால் அதற்கு ஆகாது, அதற்கு ஏற்ற இடத்தில் நாம் உட்கார்ந்தால் நமக்கு ஆகாது. கிளை மறைத்தால் முழுக்கப் போய்விடாது, சில நொடிகளுக்கு ஒருமுறை வெட்டும், யூடியூபில் தெரியாது, அழைப்பில் நன்றாகத் தெரியும். நீளமான டிசி கேபிள் ஒன்றைத் தனியாக வாங்கியதில்தான் இது தீர்ந்தது, டிஷ் வெயிலில், நான் நிழலில். தென்கோளம் என்பதால் தெற்கே பார்த்து வைக்க வேண்டும், செயலியே காட்டிவிடும்.

மின்சாரம் அடுத்த தலைவலி. மினி ஓடும்போது 25 முதல் 40 வாட் இழுக்கும். 100 வாட் யூஎஸ்பி-சி வெளியீடு உள்ள பவர் பேங்க் வேண்டும், சாதாரணமானவற்றில் கிளம்பவே கிளம்பாது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஹெச். அதை வைத்து மினியை ஓட்டினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். நான் காரில் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி போட்டிருப்பதால் சமாளிக்கிறேன். வாடகைக் காரில் வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். பயணம் இல்லாத மாதங்களில் சந்தாவை நிறுத்திவைக்கலாம், அதற்கும் இப்போது சின்னதாக ஒரு கட்டணம். இன்னொன்று, ஊருக்குப் போகும்போது இந்த டிஷ்ஷைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்திய விமான நிலையங்களில் செயற்கைக்கோள் போனோடும் கருவியோடும் வந்து மாட்டிக்கொண்ட பயணிகள் பற்றிய செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

டெல்ஸ்ட்ரா 2025 ஜூனில் போனிலிருந்தே நேரடியாகச் செயற்கைக்கோளுக்குப் போகும் வசதியைக் கொண்டுவந்ததும், இனி லேப்டாப்புக்கும் அது போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. அது எஸ்எம்எஸ்ஸுக்காக வந்தது. வண்டி நின்றுவிட்டால் வீட்டுக்குச் சொல்ல நல்ல விஷயம், வேலைக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

இலவச வழிகளில் நான் நம்புவது ஊர் நூலகம் ஒன்றைத்தான். சின்ன ஊரிலும் இருக்கும், ஏசி, மேசை, பிளக், யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள், ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் திறக்கிற நூலகங்களும் உண்டு, நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். கேரவன் பார்க் வைஃபை என்பது விளம்பரப் பலகைக்காக இருப்பது, சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும் செத்துவிடும், காலை ஐந்து மணிக்குப் பறக்கும். டெல்ஸ்ட்ராவின் தெருவோர டெலிபோன் பூத்கள் பலவற்றில் இலவச வைஃபை வருகிறது, உள்நாட்டு அழைப்பும் 2021 ஆகஸ்டிலிருந்து இலவசம்.

லேப்டாப்பில் செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் இதைச் செய்யாமல் எந்த சிம் வாங்கியும் புண்ணியமில்லை. போன் இணைப்பை விண்டோஸில் மீட்டர்ட் (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் லேப்டாப் அதை வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு நட்டநடுக் காட்டில் அப்டேட்டை இறக்க ஆரம்பிக்கும். ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸ் ஒத்திசைவை நிறுத்துங்கள். ஒரு மணி நேர வீடியோ கூட்டம் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும், குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. என் குழுவில் எல்லோரும் இப்போது என் முகத்தை மறந்திருப்பார்கள். கூட்டம் உள்ள நாளில் கூபர் பீடி மாதிரி டவர் உள்ள ஊரில் தங்கிவிடுவோம், கூட்டம் இல்லாத நாளில்தான் நீளமான ஓட்டம். அங்கிருந்து தெற்கே கிளெண்டாம்போ வரை சுமார் 250 கிலோமீட்டர், நடுவில் பெட்ரோலே கிடையாது, நெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வாரம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு என் கருத்து, டிஷ் வேண்டாம். முழு வலையமைப்பு சிம், நல்ல யூஎஸ்பி கேபிள், கிளம்புவதற்கு முன் இறக்கி வைத்துக்கொண்ட ஆஃப்லைன் வரைபடம் போதும். மாதக்கணக்கில் வேலையோடு அலைகிறவர்கள் மட்டும் மினியை வாங்குங்கள், கூடவே அந்த நீளமான கேபிளையும்.