ஆறு மா நிலமும் இலவச சட்ட உதவியும்: என் அனுபவம்

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒரு ஸ்டாரை எதற்குக் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், 2021-ல் இறந்து போனார். அக்கா 2024 பொங்கல் முடிந்த வாரம். அப்போது அவர்கள் பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 9. அத்தான் சிங்கப்பூரில் உழைத்து வாங்கிய ஆறு மா நஞ்சைதான் அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. எங்கள் பக்கம் 1 மா என்றால் 100 குழி, மூன்று மா ஒரு ஏக்கர். ஆக 2 ஏக்கர். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு 5 லட்சம் டெபாசிட் போட்டது. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு டெபாசிட் என்றால் அந்த 2 ஏக்கர்தான்.

கருமாதி முடிந்த மறுநாளே அத்தானின் அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரியப்பா, பேச்செடுத்தார். "நெலத்த வித்து பேங்க்ல போட்டுடலாம். படிப்புக்கு ஆவும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒருவரிடம் அச்சாரம் வாங்கியிருக்கிறார், அத்தானைப் பெற்ற அப்பாயியிடம் ஸ்டாம்ப் பேப்பரில் கைநாட்டும் வாங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாரிசு சான்றிதழுக்கு அவர் எழுதி வைத்திருந்த தாளில் அப்பாயி பெயர், பையன் பெயர் மட்டும் இருந்தன. பெண் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள இன்னொரு வூட்டுக்குப் போறது. நகையப் போட்டுக் கட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுது." அவள் அங்கேயேதான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி அக்கா வீட்டுப் பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். கிரயப் பத்திரம் உள்ளே இருந்தது. நான்கு மூலையிலும் அக்கா வைத்த மஞ்சள் பழுப்பேறிக் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, பெண்ணின் டீச்சர் சொன்னபடி சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்தேன். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி அலுவலகத்துக்கு நேரில் போகச் சொன்னார்கள்.

சட்ட உதவி கேட்கும் மனு ஒரே தாள். ஆதார் நகல், இரண்டு இறப்புச் சான்றிதழ், பத்திர நகல் சேர்த்துக் கொடுத்தேன். முன்மேசையில் இருந்தவர் வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். உள்ளிருந்த அம்மா ஒருவர் கேட்டுவிட்டு, "பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டத்திலேயே இருக்கு" என்று சொல்லி வாங்கி வைத்தார். மூன்று வாரத்தில் ஒரு வக்கீல் அம்மாவை ஒதுக்கினார்கள். வக்கீல் ஃபீஸ் இல்லை, கோர்ட் ஃபீஸ் இல்லை.

அந்த வக்கீல் அம்மாவுக்குத்தான் என் நான்கு ஸ்டாரும். முதல் நாளே ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். "இது அவர் சொந்த சம்பாத்தியம். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த அன்னிக்கே நிலம் நாலு பங்கா ஆயிடுச்சு. மனைவி, மகள், மகன், பெத்த தாய். ஆளுக்கு 50 சென்ட். உங்க அக்கா போனதும் அவங்க 50 சென்ட் ரெண்டு பிள்ளைங்களுக்கும் சமமா. இப்ப கணக்கு, மகளுக்கு 75, மகனுக்கு 75, அப்பாயிக்கு 50." மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத கணக்கு, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அப்பாயி எதில் கைநாட்டு வைத்திருந்தாலும் அது அந்த 50 சென்டைத் தாண்டாது என்றும் சொன்னார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. பெரியப்பாவோ, சித்தியோ, தாய்மாமனோ, வளர்க்கிறோம் என்பதால் மட்டும் சட்டத்தில் கார்டியன் ஆக மாட்டோம். தாய் தகப்பன் உயிலில் யாரையும் எழுதி வைக்காவிட்டால் கோர்ட்தான் நியமிக்க வேண்டும். அப்படி நியமிக்கப்படாதவர் மைனர் நிலத்தை எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. நியமிக்கப்பட்டவரே ஆனாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது. என் கையையும் சேர்த்துத்தான் சட்டம் கட்டுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாளைக்கு எனக்கே பணமுடை வந்தாலும் அந்த நிலம் தப்பிக்கும்.

வக்கீல் அம்மா சொன்ன பங்குக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கானது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்கு முறை வேறு. ஆனால் கார்டியன் மனு போடும் 1890-ஆம் வருஷச் சட்டம் எல்லாருக்கும் பொது.

பெரியப்பாவுக்கும் அச்சாரம் கொடுத்தவருக்கும் நோட்டீஸ் போனது. நிலத்தை யாரும் கைமாற்றக் கூடாது என்று வக்கீல் அம்மா இடைக்கால உத்தரவு வாங்கினார். அச்சாரம் கொடுத்தவர் அடுத்த வாரமே பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றார்.

வாரிசு சான்றிதழ் இரண்டு வாங்க வேண்டும் என்று வக்கீல் அம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அத்தானுக்குத் தனி, அக்காவுக்குத் தனி. இ-சேவையில் பதிந்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தோடு வந்தது. இரண்டிலும் பெண்ணின் பெயர் இருந்தது.

இனி குறைகள். கோர்ட்டில் போட்ட கார்டியன் மனு முழுக்க இங்கிலீஷ். என் பெயரில் கோர்ட்டுக்குப் போகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வக்கீல் அம்மா வரி வரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எல்லா வக்கீலும் அப்படிச் சொல்வார்களா? வாய்தா மேல் வாய்தா. 2024 ஜூனில் கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆன மனுவுக்கு, என்னைக் கார்டியனாக நியமித்து 2025 ஏப்ரலில்தான் உத்தரவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் தையல் கூலி போனது, பஸ் செலவு, பிள்ளைகளுக்கு லீவு. ஒருவர் டைப் அடித்த செலவு என்று 500 ரூபாய் வாங்கினார். ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன், திரும்ப வந்தது. கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்பது இப்போது தெரிகிறது. இலவசம் என்றால் டைப்பிங்கும் இலவசம்தான், கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீதிபதி பிள்ளைகளைத் தன் அறைக்கே கூப்பிட்டுப் பேசினார். பெண்ணிடம் யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டாராம். "சித்திகிட்ட. ஆனா தம்பி என்கூடவே இருக்கணும்" என்றாளாம். பையன் ஒன்றும் பேசவில்லை, ஸ்கூல் பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தானாம். அப்பாயியும் கோர்ட்டுக்கு வந்து, அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். பெத்த மகனுக்கு எதிராக அதைச் சொல்ல எழுபத்தெட்டு வயசில் எவ்வளவு தெம்பு வேண்டும்.

2025 ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தபோது நிலம் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு எழுத்து மூலம் ஒரு வருஷக் குத்தகையில் இருந்தது. பிள்ளைகளின் பங்குப் பணம் அவர்கள் பெயரில் பேங்க்கில் விழுகிறது. கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட ஒரு நோட்டு போட்டிருக்கிறோம், பெண்தான் எழுதுகிறாள். மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம்.

பெரியப்பா என்னோடு இன்னும் பேசுவதில்லை. தீபாவளிக்குப் பையனுக்கு ஒரு சட்டை அனுப்பியிருந்தார். வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பட்டா மாறுதல்தான் கடைசியில் வந்தது. மூன்று பெயரோடு கூட்டுப்பட்டா. பெண் அதை வாங்கித் தன் பெயரை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் விரலில் மஞ்சள் குழைத்து வந்து நான்கு மூலையிலும் வைத்துவிட்டு, ஈரம் காயும் வரை விசிறிக் கட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.