ஜாவா 8 இலிருந்து 21 வரை: களஞ்சிய மென்பொருள் ஒன்றுடன் பத்து ஆண்டுகள்

திருகோணமலையில் கட்டடப் பொருள்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றின் இருப்பு, விற்பனை மென்பொருளை 2015 முதல் பராமரித்து வருகிறேன். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட அது, தொடக்கத்தில் அம்மொழியின் 8 ஆம் பதிப்பில் ஓடியது, இப்போது 21 இல் ஓடுகிறது.

11 இற்கு மாறியபோது, வழங்குநர்களுடன் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் பரிமாறும் பகுதி நின்றுபோனது. எக்ஸ்எம்எல் தரவை ஜாவாவுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றித்தரும் ஜாக்ஸ்பி (JAXB) அப்பதிப்பில் ஜாவாவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதைத் தனி நூலகமாக (ஆயத்த நிரல் தொகுப்பாக)ச் சேர்த்ததும் அரை நாளில் சரியாயிற்று. 2022 நவம்பரில் வெளிவந்த ஸ்பிரிங் பூட் 3 (நாங்கள் பயன்படுத்தும் ஜாவாச் சட்டகம்) ஜாவா 17 ஐக் கட்டாயமாக்கியதோடு, ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் நிரல் தொகுதிப் பெயர்கள் பலவற்றை ‘ஜக்கார்த்தா’ என மாற்றவும் வைத்தது. எங்கள் நிரல்களில் அது தேடி மாற்றும் வேலைதான். ஆனால் அறிக்கை அச்சிடும் பழைய நூலகத்தை எழுதியவர்களே கைவிட்டிருந்ததால், அதற்கு மாற்றுத் தேடவே மூன்று வாரங்கள் கழிந்தன.

உண்மையான சோதனை 21 இல் வந்தது, அதுவும் பிழைச் செய்தி எதுவுமின்றி. ஜாவா 18 இலிருந்து, கோப்பின் எழுத்துக் குறிமுறையை, அதாவது எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையை, நிரல் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் எதை வைத்திருந்தாலும் யுனிகோட்டின் யுடிஎஃப்-8 என்றே கொள்ளப்படும். கிண்ணியாக் கிளையிலிருந்து இரவுதோறும் வரும் கோப்புகளோ, ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பொருட்பெயர்களுடன் விண்டோஸ் 1252 என்ற பழைய குறிமுறையில் எழுதப்பட்டவை. (பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளியின் இடத்தில், காற்புள்ளியால் பிரித்த கோப்பில் ‘இரும்பு’ என்று எழுதினாலே நெடுவரிசை பிளந்துவிடும் என்பதால்தான், எனக்கு முன்னிருந்தவர் காற்புள்ளிக்குப் பதிலாகத் தத்தற்குறியால் (Tab) நெடுவரிசைகளைப் பிரித்திருந்தார்.) வாசிக்க முடியாத குறிகளை ஜாவா சத்தமில்லாமல் மாற்றீட்டுக் குறியாக்கி, அப்படியே தரவுத்தளத்தில் சேமித்துவிட்டது. “தம்பி, சாமான் பெயருக்குள்ள கேள்விக்குறி விழுது” என்று களஞ்சியப் பொறுப்பாளர் காலையில் அழைத்த பிறகே எனக்குத் தெரிந்தது.

பழைய நடத்தையை மீட்கும் தெரிவு ஒன்று உண்டு. முந்தைய இரவின் காப்புப் பிரதியை மீட்டு, அத்தெரிவோடு இரண்டு நாள் ஓட்டினேன். அதற்குள் கோப்பு வாசிக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் குறிமுறையை வெளிப்படையாக எழுதிவிட்டேன். ஜாவா 8 இல் இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம். அன்றும் அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

2025 செப்டெம்பரில் ஜாவா 25 வந்துவிட்டது. பாமினியில் எஞ்சியுள்ள பொருட்பெயர்கள் முழுவதையும் யுனிகோட்டுக்கு மாற்றும்வரை, அதைச் சோதனைக் கணினியில் மட்டுமே ஓடவிட்டிருக்கிறேன்.